கட்டம் போட்ட சட்டையும் கப்பலுக்குப் போன கல்யாணமும்

ஒழுங்கு நல்ல குணம் என்று சொல்கிறவர்கள், ஒழுங்கான ஆள் ஒருவரைக் கூடவே வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்தை நடத்திப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் ஒழுங்கான ஆள். தவறாமல் டைரி எழுதுகிறவன். சட்டைகளை நிறவாரியாக மாட்டி வைக்கிறவன். சாம்பாரில் முருங்கைக்காய்த் துண்டுகள் ஒரே நீளத்தில் இல்லாவிட்டால், தட்டில் உயரப்படி அடுக்கிவிட்டுச் சாப்பிடுகிறவன். (இதைப் பார்க்கச் சகிக்காமல் என் மனைவி கமலா முருங்கைக்காய் வாங்குவதையே நிறுத்திவிட்டாள்.)

திருச்சி கைலாசபுரத்தில் வீடு. அங்குள்ள ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. பெரிய இரும்புத் தகட்டின் மேல் சாக்பீஸால் சம அளவில் கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு கட்டமாகக் கருவியை வைத்து உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்ப்போம். ஒரு கட்டம் பெரிதாகவும் ஒரு கட்டம் சிறிதாகவும் போட்டால் தகட்டைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். போட்டவனைத்தான் திருப்பி அனுப்புவார்கள். எத்தனையோ வருடமாக இதைச் செய்து செய்து, சமமாக இல்லாத எதைப் பார்த்தாலும் எனக்கு உள்ளங்கை அரிக்கும். இந்த அரிப்போடுதான் நான் என் அக்கா மகள் கல்யாணத்துக்கு ஸ்ரீரங்கம் போனேன்.

அக்கா சரோஜாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் கார்த்திக், சரக்குக் கப்பலில் இன்ஜினீயர். இளையவள் பவித்ரா, கல்யாணப் பெண். தங்கை கல்யாணத்துக்கு வந்துவிடுவேன் என்று கார்த்திக் சொல்லியிருந்தான். ஆனால் அவனுக்குப் பதிலாகக் கப்பலேற வேண்டிய ஆள் கடைசி நேரத்தில் ஏறவில்லை. இவன் இறங்க முடியாமல் கப்பலோடு நடுக்கடலுக்குப் போய்விட்டான். கப்பலில் இணையம் உண்டு. கோடைகாலத் தெருக்குழாய் போல, சொட்டுச் சொட்டாக.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சாப்பாட்டுல குறை வந்தாலும் பரவால்லடா. சீர்ல குறை வந்தாலும் பேசிக்கலாம். தங்கச்சி கழுத்துல தாலி ஏறறத அந்தப் புள்ள பாத்துடணும். இந்தக் கம்ப்யூட்டர் விஷயமெல்லாம் உங்க அத்தானுக்குத் தெரியாது. அத மட்டும் நீ பாத்துக்க."

"பாத்துக்கறேன்க்கா" என்றேன்.

(சொல்லியிருக்க வேண்டாம்.)

நேரலைக்கு தில்லை நகரிலிருந்து வினோதினி என்ற பெண்மணியை அமர்த்தியிருந்தோம். இன்ஜினீயரிங் படித்துவிட்டு இதையே தொழிலாக நடத்துகிறவர். சுற்றி வளைத்துப் பேசும் பழக்கமில்லை. ஊரிலுள்ள உறவினர்களுக்கெல்லாம் நல்ல தெளிவான படம் ஒன்று, கப்பலுக்கு மட்டும் மெலிந்த படம் ஒன்று என்று இரண்டாகப் பிரித்து அனுப்ப ஏற்பாடு செய்திருந்தார்.

முதல் நாள் மாலை வரவேற்பு. மேடையின் பின்னால் சீரியல் விளக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். சற்று நேரத்தில் அக்காவின் போனுக்குக் கார்த்திக்கின் குரல்பதிவு ஒன்று வந்து சேர்ந்தது.

"அம்மா, படம் வருது. ஆனா நீங்க எல்லாரும் செங்கல் அடுக்கி வெச்ச மாதிரி தெரியறீங்க. புடவை கலர வெச்சுதான் யார் யாருன்னு கண்டுபிடிக்கறேன். மாப்பிள்ளை நல்லா இருக்காரா? எனக்கு நாலு செங்கலாத் தெரியறாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அக்கா சிரிக்கவில்லை. அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். பிறகு இலையில் உட்கார்ந்தவள் சாப்பிடாமலே எழுந்தாள். எழும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். நேரே வினோதினியிடம் போனேன்.

அவர் மடிக்கணினியில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். கப்பலுக்குப் போகும் படத்தின் மேல் மெல்லிய வெள்ளைக் கோடுகள் தோன்றின. படம் முழுவதும் கட்டங்கள். மேடைச் சுவரில் பெரிய பெரிய கட்டங்கள். பவித்ராவின் தோளருகே நடுத்தரமானவை. முகத்திலும் நகையிலும் பொடிப்பொடியாக. எனக்கு உள்ளங்கை அரித்தது.

"என்னங்க இது? ஒண்ணு ஜமுக்காளம் சைஸுல இருக்கு, ஒண்ணு அப்பளம் சைஸுல இருக்கு, ஒண்ணு மிளகு சைஸுல இருக்கு?"

"அப்படித்தான் சார் இருக்கணும்."

"எல்லாத்தையும் ஒரே அளவாப் போட்டுடுங்களேன்."

"எதுக்கு சார்?"

"ஒழுங்கா இருக்கும்ல?"

வினோதினி என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், படத்த அப்படியே அனுப்ப கப்பலுக்கு அவ்வளவு லைன் கிடையாது. அதனால படத்தக் கட்டம் கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் என்ன இருக்குன்னு சுருக்கமாச் சொல்லி அனுப்பறோம். சுவர் வெறும் சுவர். ஒரே பெரிய கட்டத்தப் போட்டு, 'இங்க பூரா சந்தன கலர்'னு சொல்லிட்டாப் போதும். மூஞ்சிக்கு அப்படிச் சொல்ல முடியுமா? கண்ணு இருக்கு, மூக்குத்தி இருக்கு, பொட்டு இருக்கு. அங்க மட்டும் கட்டத்த நாலா வெட்டும். பத்தலன்னா அதுல ஒண்ண மறுபடி நாலா வெட்டும். எங்க வெட்டணும், எங்க சும்மா விடணும்கறத படத்தப் பாத்து அதுவே முடிவு பண்ணும்."

"இருந்தாலும் ஒரு தடவ சமமாப் போட்டுப் பாத்துடலாமே."

போட்டுக் காட்டினார். எல்லாம் பெரிய கட்டமாக வைத்தபோது பவித்ராவின் முகம் துடைத்து வைத்த தோசைக்கல்லாகிவிட்டது. எல்லாம் சிறிய கட்டமாக வைத்தபோது படம் அசையாமல் நின்றது. ஒவ்வொரு பொடிக் கட்டமும் தன் பெயர், விலாசம் சொல்லியே லைனை நிரப்பிவிட்டதில் சங்கதி சொல்ல இடமில்லாமல் போயிற்றாம். நான் அப்போதும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். வினோதினி நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வைகுண்ட ஏகாதசிக்கு இங்க வந்திருக்கீங்களா சார்?"

"வருஷா வருஷம்."

"சொர்க்கவாசல்கிட்ட கம்பு கட்டி எவ்வளவு சின்னச் சின்னதா அடைச்சிருப்பாங்க? சித்திரை வீதி மூலையில என்ன இருக்கும்?"

"ஒரு கயிறு."

"அவ்வளவுதான். கூட்டம் எங்கயோ அங்க கம்பு. எல்லா வீதியிலயும் ஒரே இடைவெளியில கம்பு கட்டினா, வாசலுக்கு வரும்போது கம்பு தீந்துபோயிடும். நம்மகிட்ட இருக்கற கம்பே கொஞ்சம்."

அந்த நொடியில் எனக்கு விளங்கியது. முழுக்க விளங்கியது. அங்கேயே நிறுத்தியிருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது. ஆனால் என் மூளை அடுத்த படிக்குப் போனது. கம்பு கொஞ்சம்தான் என்றால், கூட்டத்தைக் குறைத்துவிட்டால் போயிற்று.

"கம்ப ரொம்பச் சாப்பிடறது எதெதுங்க?" என்று கேட்டேன்.

அவர் வயரைச் சுருட்டியபடியே சொன்னார். "மினுக்கற லைட், புகை, காத்துல ஆடற துணி, பூ. எல்லாத்துக்கும் மேல அட்சதை. ஆயிரம் அரிசி ஆயிரம் பக்கம் பறக்கும். எந்த அரிசி எங்க போகுதுன்னு இது தொரத்திக்கிட்டு ஓடும். தாலி கட்டற நேரம் பாத்துப் படம் உடையறதே அதனாலதான். அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது சார்."

ஒன்றும் பண்ண முடியாது என்ற பேச்சுக்கு எங்கள் பிரிவில் இடம் கிடையாது.

போகும்போது இன்னொன்றும் சொன்னார். "கப்பலுக்குப் போற படம் அரை நிமிஷம் தாமதமாத்தான் போகும். நிதானமா வெட்டி அனுப்ப நேரம் வேணும்ல. அங்க என்ன தெரியுதோ அது அப்படியே இந்த லேப்டாப்லயும் தெரியும். நீங்க பாத்துக்கலாம்."

மறுநாள் காலை முகூர்த்தம். விடிந்ததும் நான் மண்டபத்தைச் சீர்திருத்தத் தொடங்கினேன். சீரியல் விளக்குகளை அணைக்கச் சொன்னேன். மணவறைக்குப் பின்னால் தொங்கிய பூச்சரங்களைக் கழற்றி, சமையல்கட்டிலிருந்து ஒரு வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து கட்டினேன். (தண்டவாளத்துக்குப் பக்கத்தில் துணி காயப்போட்ட மாதிரி இருக்கு என்று கமலா சொன்னாள்.) மேடை மின்விசிறியை நிறுத்தினேன். மாப்பிள்ளை அப்போதே வியர்க்கத் தொடங்கினார். மணவறைக்குப் பின்னால் பொடிப்பூப் போட்ட பட்டுப்புடவைகளில் நின்ற பெண்களை, வெற்றுப் புடவை கட்டியவர்கள் மட்டும் நிற்கலாம் என்று சொல்லி இறக்கிவிட்டேன். கடைசியில் பின்னால் நின்றவர் ஒரே ஒருவர், மண்டபத்தைப் பெருக்கிய அம்மாள்.

சாஸ்திரிகளிடம் போய்ப் புகையைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டேன்.

"குறைக்கலாமே" என்றார் அவர். "அக்னிக்குப் பதிலா கேஸ் அடுப்பு வெச்சுடட்டுமா?"

அடுத்து என்னுடைய உடை. நான் தாய்மாமன். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை என்று அக்கா எடுத்துக் கொடுத்திருந்தாள். பட்டு பளபளக்கும், பளபளப்பு கம்பைத் தின்னும். எனவே பட்டுச் சட்டையை மடித்து வைத்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். நீலத்தில் பொடிக் கட்டம் போட்டது. எல்லாக் கட்டமும் துல்லியமாகச் சம அளவு. எனக்கு மிகவும் பிடித்த சட்டை.

கமலா கதவருகே நின்று பார்த்தாள். "தாய்மாமன் இதப் போட்டுக்கிட்டா மேடை ஏறப் போறாரு? மின்சார பில்லு கட்டப் போற மாதிரி இருக்கு."

"இதுல பளபளப்பு இல்ல."

"ஆமா. ஒண்ணுமே இல்ல."

மிச்சம் இருந்தது அட்சதை. ஒலிபெருக்கியை வாங்கி அறிவித்தேன். அன்புள்ளம் கொண்ட பெரியோர்கள் தாலி கட்டும்போது அட்சதை தூவ வேண்டாம். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டு, நாத்தனார் மற்ற இரண்டு முடிச்சையும் போட்ட பிறகு, மேடை ஓரத்தில் நிற்கும் தாய்மாமனாகிய நான் வலது கையைத் தூக்குவேன். அதன் பிறகு தூவி ஆசீர்வதிக்கலாம்.

மாப்பிள்ளையின் அப்பா ராஜமாணிக்கம் முன்வரிசையிலிருந்து எழுந்தார். பொன்மலைக்காரர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மீசையை ஒருமுறை தடவிக்கொண்டு என்னிடம் வந்தார். அவருக்குப் பின்னால் அக்கா. அக்காவின் முகம் வெளுத்திருந்தது.

"என்னங்க சம்பந்தி, எங்க புள்ளைய நாங்க ஆசீர்வாதம் பண்றதுக்கு உங்ககிட்ட உத்தரவு வாங்கணுமா?"

"உத்தரவு இல்லீங்க. ஒரு... சிக்னல் மாதிரி."

"சிக்னலா?"

கார்த்திக்கையும் கப்பலையும் கம்புக்கணக்கையும் மூச்சுவிடாமல் சொன்னேன். ராஜமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திறந்தபோது முகமே மாறியிருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் யாரும் சிக்னலைப் பற்றிப் பேசியிருக்கவில்லை என்று தோன்றுகிறது.

"அத மொதல்லயே சொல்லக் கூடாதா? பொண்ணோட அண்ணன் பாக்கணும்ல" என்றவர், தன் பக்கத்து ஆட்களை நோக்கித் திரும்பினார். பெரும்பாலும் ரயில்வேக்காரர்கள், பொன்மலைப் பணிமனைக்காரர்கள். "எல்லாரும் கேட்டுக்குங்க. சார் கைதான் சிக்னல். சிக்னல் விழாம ஒரு அரிசி நகரக் கூடாது. பொண்ணு வீட்டுக்காரங்க யாராவது தூவினாலும் தடுத்துடுங்க."

பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அவர் கோபித்துக்கொண்டு மறுத்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

பவித்ராவுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்து உட்கார வைத்தேன். தாய்மாமன் கடமை முடிந்தது. உடனே மேடையின் ஓரத்துக்கு ஓடினேன். அங்கே ஒரு முக்காலியில் மடிக்கணினியை வைத்திருந்தேன். அங்கிருந்து மணவறையும் தெரியும், திரையும் தெரியும், என் கையும் எல்லோருக்கும் தெரியும். யோசித்துத் தேர்ந்த இடம். அந்த இடம் கேமராவுக்கும் தெரியும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

மாங்கல்யத் தட்டு சபையைச் சுற்றி வந்தது. ஒவ்வொருவரும் தொட்டுக் கும்பிட்டார்கள். இன்னொரு தட்டில் அட்சதை போனது. எல்லோரும் ஒரு பிடி எடுத்துக்கொண்டு கையை மூடிக்கொண்டார்கள். திரையில் படம் அருமையாக இருந்தது. வெள்ளை வேட்டிப் பின்னணி, ஆடாத துணி, மினுக்காத விளக்கு. பவித்ராவின் நெற்றிச்சுட்டியில் உள்ள கல்லைக்கூட எண்ணலாம் போலிருந்தது. அக்கா மணவறைக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தாள். கண்ணாலேயே 'தெரியுதா' என்று கேட்டாள். தலையை ஆட்டினேன்.

"கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்றார் சாஸ்திரிகள்.

தவிலும் நாதசுரமும் உச்சத்துக்குப் போயின. நான் மணவறையை எட்டிப் பார்ப்பதும் திரை முன்னால் குனிவதுமாக இருந்தேன். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். முதல் முடிச்சு. நாத்தனார் குனிந்தாள். இரண்டாவது. மூன்றாவது. எல்லாம் என் கண் முன்னாலேயே நடந்து முடிந்தது.

சபை முழுவதும் என்னைப் பார்த்தது.

நான் கையைத் தூக்கவில்லை.

காரணம் உண்டு. எங்கள் பிரிவில் ஒரு விதி. பொருள் புறப்பட்டதைப் பார்த்துக் கையெழுத்துப் போடக் கூடாது. போய்ச் சேர்ந்ததைப் பார்த்துத்தான் போட வேண்டும். கல்யாணம் என் கண் முன்னால் முடிந்துவிட்டது. கப்பலில் இன்னும் முடியவில்லை. அங்கே மூன்றாவது முடிச்சு விழுவதற்குள் இங்கே அட்சதை பறந்தால், அரிசி முடிச்சை முந்திக்கொள்ளுமோ என்று பயந்தேன். (முந்தாது. அரிசியும் அதே அரை நிமிடம் கழித்துத்தான் போகும். இதை இப்போது தெளிவாகச் சொல்கிறேன். அப்போது என் தலைக்குள் தவில் ஓடிக்கொண்டிருந்தது.) எனவே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரையில் மாப்பிள்ளை இப்போதுதான் தாலியை எடுத்தார். நான் நன்றாகப் பார்க்க முன்னால் குனிந்தேன். அப்போதுதான் படம் கலங்கியது. பவித்ராவின் முகம் வழவழவென்று இட்லி போல ஆனது. மாப்பிள்ளையின் விரலும் தாலியும் சேர்ந்து மஞ்சள் நிறத்தில் ஒரு உருண்டை. முடிச்சு விழுந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. எப்படி? எல்லாவற்றையும்தான் நிறுத்திவிட்டேனே? விளக்கில்லை, விசிறியில்லை, பூவில்லை, அரிசியில்லை. இன்னும் குனிந்தேன். படம் இன்னும் மோசமானது.

கீழே கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற வினோதினி இரண்டு கைகளாலும் 'தள்ளுங்க, தள்ளுங்க' என்று சைகை காட்டினார். பொறுங்கள், சரியாகிவிடும் என்று சொல்கிறார் என நினைத்து, நானும் இடது கையை ஆட்டினேன். (வலது கை சிக்னலுக்கு.)

தவில்காரரின் நெற்றி நரம்பு புடைத்தது. கெட்டி மேளத்தை அட்சதை விழும்வரை வாசிப்பது வழக்கம். அட்சதை விழாததால் அவரால் நிறுத்த முடியவில்லை. நாதசுரக்காரருக்கு மூச்சு வாங்கியது. எங்கள் ஆலைக்காரர் ஒருவர் பொறுமையிழந்து கையைத் தூக்கினார். பக்கத்திலிருந்த பொன்மலைக்காரர் அவர் மணிக்கட்டைப் பிடித்து மடியில் வைத்தார். மண்டபம் நிறைய மூடிய கைகள். யாரும் மணமக்களைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மாப்பிள்ளையும் பார்த்தார். வியர்வை வழியும் முகத்தோடு, ஏதோ தப்பாகக் கட்டிவிட்டோமோ என்ற பயம் அவர் கண்ணில் இருந்தது. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். தாலி ஏறியும் அட்சதை விழாத கல்யாணத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. யாரும்தான் பார்த்ததில்லை.

அப்போதுதான் திரையின் இடது ஓரம் என் கண்ணில் பட்டது. அங்கே ஒரு சட்டை. நீலத்தில் பொடிக் கட்டம் போட்டது. மொத்தப் படத்திலும் அது ஒன்றுதான் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு கட்டமும் தெரிந்தது, கட்டத்துக்குள் நூல் தெரிந்தது, மூன்றாவது பட்டன் வேறு நிற நூலில் தைத்திருப்பது தெரிந்தது. அசையாத மண்டபத்தில் அசைந்த ஒரே பொருள் நான். வழவழப்பான படத்தில் பொடிவேலை இருந்த ஒரே இடம் என் சட்டை. அரை நிமிடத்துக்கு முன் முடிச்சு விழும்போது நான் குனியக் குனிய, கணினி தன்னிடமிருந்த கம்பையெல்லாம் கொண்டுவந்து என் வயிற்றைச் சுற்றி நட்டுக்கொண்டிருந்தது.

ராஜமாணிக்கம் எழுந்துவிட்டார். மேடை முன்பாக என்னை நோக்கி நடந்து வந்தார்.

"சம்பந்தி, சிக்னல் என்ன ஆச்சு?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து என் சட்டைக் காலரை யாரோ பிடித்தார்கள்.

"எறங்குங்க கீழ" என்றாள் கமலா. "புள்ள கல்யாணத்துல சிலையா நிக்கறீங்க."

இழுத்த இழுப்பில் மேடை விளிம்பில் என் கால் தடுமாறியது. விழாமலிருக்கக் கையை வீசினேன். வலது கை.

காத்திருந்த கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தன. இவ்வளவு ஒற்றுமையாக அட்சதை விழுந்த கல்யாணம் திருச்சி வட்டாரத்தில் நடந்திருக்காது. தூவவில்லை, வீசினார்கள். அவ்வளவு நேரம் அடக்கி வைத்த வேகம். முன்வரிசைகளுக்கும் மணவறைக்கும் நடுவில் ராஜமாணிக்கம் நின்றுகொண்டிருந்தார். பொன்மலை மொத்தமும் அவரைத்தான் ஆசீர்வதித்தது. பின்வரிசை அட்சதை மட்டும் அவரைத் தாண்டிப் போய்ப் பவித்ரா மீதும் மாப்பிள்ளை மீதும் விழுந்தது. தவில் நின்றது. நாதசுரக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் மேடைக்குக் கீழே, கமலாவின் பிடியில். அக்கா படியிறங்கி வந்தாள். திட்டவில்லை. "அவன் பாத்தானாடா?" என்று மட்டும் கேட்டாள்.

தாலி ஏறிய நேரத்தில் கப்பலுக்குப் போனது என் சட்டை. அதைத் திரும்ப நடத்திக் காட்ட முடியாது.

மேடையிலிருந்த பவித்ரா எங்கள் மூவரையும் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்க வேண்டும். நேராகக் கேமராவைப் பார்த்துத் திரும்பினாள். கழுத்திலிருந்த தாலியை இரண்டு கையாலும் எடுத்து முன்னால் நீட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள். காலையிலிருந்து நான் மண்டபம் முழுக்க நடந்து நடந்து 'அசையாதீங்க' என்று சொன்னதை அந்தக் கல்யாணத்தில் மதித்துக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

முக்காலியிலிருந்த மடிக்கணினியை வினோதினி எடுத்துக்கொண்டு வந்தார். எல்லோரும் சுற்றி நின்றோம். அங்கே கல்யாணம் இன்னும் அரை நிமிடம் பின்னால் இருந்தது. இட்லி முகங்கள். ஓரத்தில் என் சட்டை. ஒரு கை வந்து சட்டையின் காலரைப் பிடித்தது. சட்டை வெளியே போனது. போன மறுகணம் படம் தெளியத் தொடங்கியது. தெளிவதற்குள் மஞ்சள் மழை வந்தது. திரை முழுவதும் மஞ்சள் கட்டங்களாக உடைந்து சிதறியது. அக்கா என் கையை இறுகப் பிடித்தாள். மஞ்சள் மெல்ல அடங்கியது. பெரிய கட்டங்கள் நான்காயின, அவையும் நான்காயின. அதற்குள்ளிருந்து பவித்ராவின் முகம் வந்தது. கண், மூக்குத்தி, பொட்டு, நீட்டிய கையில் தாலி.

அக்கா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். சத்தம் வரவில்லை. இன்னும் வரவில்லை. என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

பிறகு போன் சிணுங்கியது. கார்த்திக்கின் குரல்.

"அம்மா, தாலி கட்டினது தெரியல. மாமா சட்டைதான் தெரிஞ்சுது. சரி போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் திடீர்னு எல்லாம் மஞ்சளா ஒடஞ்சு விழுந்துச்சு பாருங்க, அட்சதைதான்னு தெரிஞ்சுது. கல்யாணம் ஆயிடுச்சுன்னு நானும் இங்க கையத் தூக்கினேன். இங்க அரிசி கிடையாது. அப்புறம், பவி இடது புருவத்துல ஒரு அரிசி ஒட்டியிருக்கு. எடுத்து விடுங்க, கண்ணுல விழுந்துடப் போகுது."

எல்லோரும் மேடையைப் பார்த்தோம். பவித்ராவின் இடது புருவத்தில் ஒரு அரிசி இருந்தது. அருகில் நின்ற எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. அக்கா மேடையேறிப் போய், அதை விரலால் எடுத்து, முந்தானை முனையில் முடிந்துகொண்டாள். அதன் பிறகுதான் அழுதாள்.

ராஜமாணிக்கம் காதிலிருந்தும் மீசையிலிருந்தும் அரிசியைத் தட்டிக்கொண்டே என்னிடம் வந்தார். என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

"சிக்னல் லேட்டு. வண்டியும் லேட்டு" என்றார். "ஆனா போய்ச் சேந்துடுச்சு. வாங்க, பந்தி ஆரம்பிச்சுட்டாங்க."

அன்று இரவு டைரியில் நான் எழுதியது ஒரே வரி: பவித்ரா கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இது முழுப் பொய் இல்லை.

அந்த நீலச் சட்டையை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. கேட்டால், மிக்ஸி துடைக்கிற இடத்தில் தேடிப் பாருங்கள் என்கிறாள் கமலா. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அக்கா வீட்டிலிருந்து எனக்கு வெற்று வெள்ளைச் சட்டை மட்டுமே வருகிறது. எந்த உறவினர் வீட்டுக் கல்யாணமானாலும், கெட்டி மேளம் கேட்டதும் பொன்மலை ஆட்கள் பாதிப் பேர் அட்சதையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்புகிறார்கள். "மாமா, சிக்னல் உண்டா?" என்று பவித்ரா வேறு முன்வரிசையிலிருந்து கேட்கிறாள்.

பதற்றத்தில் எனக்கும் கை தானாக எழும்பப் பார்க்கும். அதனால் சாஸ்திரிகள் மேளத்துக்குச் சைகை காட்டும்போதே கமலா என் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து மடியில் அழுத்தி வைத்துக்கொள்கிறாள். மூன்று முடிச்சும் விழுந்து, கடைசி அரிசி தரையில் விழும்வரை விடுவதில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் எங்களைக் காட்டி, இத்தனை வயதிலும் எவ்வளவு அன்யோன்யம் பார் என்று தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்களாம்.